கூடம்தான் கோணல்

என் நண்பன் ஒருவன், கேமராவைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தனக்கு வராது என்று பல வருஷமாக நம்பிக்கொண்டிருக்கிறான். கல்யாண வீடுகளில் படம்பிடிப்பது அவன் தொழில். மேடைக்கு எதிரே ட்ரைபாடைப் போட்டு நிற்பான். மாப்பிள்ளை அழைப்பில் பின்னோக்கி நடந்தபடி எடுப்பதற்கு மட்டும் சம்பளம் கொடுத்து வேறொரு பையனை வைத்திருக்கிறான். அந்த நம்பிக்கையை அவன் தலைக்குள் ஏற்றியவன் நான். பொய் என்று தெரிந்தே ஏற்றினேன்.

கோவையில் நாங்கள் சில பேர் கூடிக் குறும்படம் எடுத்த காலம். டிவியில் 'நாளைய இயக்குநர்' குறும்பட நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு ஆளாளுக்குக் கதையோடு திரிந்தார்கள். கேனன் 600டி ஒன்றை இரவல் வாங்கியிருந்தோம். எங்கள் படத்தின் உயிரே ஒரு ஷாட்தான். மில் தொழிலாளர் லைன் வீட்டிலிருந்து ஒரு பெண் வெளியே வந்து, பொதுக்குழாயைத் தாண்டி, முக்குத் திரும்பித் தெருவில் கலக்கும்வரை, கேமரா எங்கும் வெட்டாமல் அவள் பின்னாலேயே போக வேண்டும். அந்த இடம் எங்களுக்குக் கிடைத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும். நடக்கும்போது கேமரா ஆடாமல் தாங்குகிற ஸ்டெடிகேமை ஒருநாள் வாடகைக்கு எடுக்க இயக்குநர் காசு ஒதுக்கி வைத்திருந்தான். குறுக்கே விழுந்தது நான். "அதுல பாதி குடுடா, நானே செஞ்சு தர்றேன்."

மெக்கானிக்கல் படித்த திமிர். காரெட் பிரவுன் என்ற அமெரிக்கர், தான் செய்த இந்த ஸ்டெடிகேமைக் காட்டுவதற்காகத் தன் காதலியை ஃபிலடெல்பியா அருங்காட்சியகப் படிகளில் ஓடவிட்டுப் படம்பிடித்தார். அதைப் பார்த்த இயக்குநர் அவில்ட்சன், 1976இல் வந்த 'ராக்கி'யில் அதே படிகளில் ஸ்டாலோனை ஓடவிட்டார். அந்த வாரம் டீக்கடையில் என்னிடம் அகப்பட்டவர்களுக்கெல்லாம் இந்தக் கதையைச் சொன்னேன். அதற்கு முன் பிரவுன் செய்து பார்த்துக் கழித்துப்போட்ட மாதிரிகளைப் பற்றி யாரிடமும் மூச்சுவிடவில்லை.

கருவி பார்க்க எளிது. ஒரு அலுமினியக் குழாய், அதன் தலையில் கேமரா, காலில் எடை, நடுவே கைப்பிடி. குழாயையும் கைப்பிடியையும் இணைக்கிற கிம்பலில்தான் வித்தை முழுக்க இருக்கிறது. கையின் ஆட்டம் மேலே ஏறாதபடி அது எல்லாப் பக்கமும் தாராளமாகத் திரும்ப வேண்டும்; அது திரும்புகிற மூன்று அச்சுகளும் ஒரே புள்ளியில் சந்திக்க வேண்டும். மொத்தக் கருவியின் ஈர்ப்பு மையம் அந்தப் புள்ளிக்குக் கீழே, ஆனால் மயிரிழை கீழே. அதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு. குழாயைப் படுக்கைவாக்கில் பிடித்து விட்டால், அது செங்குத்தாக வந்து சேர இரண்டு மூன்று விநாடியாவது ஆக வேண்டும். சட்டென்று நிமிர்ந்தால் அடியில் பாரம் அதிகம் என்று அர்த்தம்.

உக்கடம் பழைய இரும்புக் கடையில் குழாய் கிடைத்தது. 8 மி.மீ. துளையுள்ள 608 பேரிங்குகள் சல்லிசு. கேமராவின் அடியில் போகிற போல்ட் கால் அங்குலம். கடைக்காரர்கள் 6 மி.மீ. போல்ட்டை எடுத்து நீட்டுவார்கள், அதுவும் போகிற மாதிரியே போய் மரையைத் தின்றுவிடும். இரவல் கேமரா என்பதால் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் பொறுமையாக அலைந்தேன்.

மிச்சமிருந்தது கிம்பலின் கவை. கணபதியில் ஒரு லேத் பட்டறைக்காரரிடம் வரைபடத்தைக் காட்டினேன். "திங்கக்கிழமை வாங்க தம்பி, சென்டர் பாத்துப் போட்டுத் தர்றேனுங்க. அவசரப்பட்டா பிட்டு ஓடிப்போயிருமுங்க" என்றார். ஞாயிற்றுக்கிழமை ஷூட்டிங்குக்குத் திங்கட்கிழமைக் கவை எதற்கு? வீட்டிலேயே கை ட்ரில்லால் துளை போட்டேன். அவர் சொன்னபடியே ஓடிப்போனது. ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். ஆனால் அச்சுகள் சந்திக்கவில்லை. ஒரு திசையில் மட்டம் பார்த்து வைத்தால், கேமராவைத் திருப்பியதும் தலை சாய்ந்தது. அங்கே சரிசெய்தால் பழைய திசையில் சாய்ந்தது.

சனிக்கிழமை ராத்திரி நான் செய்த காரியத்துக்குத்தான் இந்த வாக்குமூலம். கீழே வாஷர்களை அடுக்கினேன். அடியில் பாரம் ஏற ஏறச் சாய்வு குறைந்து, கேமரா நிமிர்ந்து நின்றது. அறைக்குள் நின்ற இடத்தில் பிடித்துக் காட்டினால் கண்ணுக்கு அழகாக இருந்தது. படுக்கைவாக்கில் பிடித்து விட்டும் பார்த்தேன். ஒரு விநாடிகூட ஆகவில்லை, சடாரென்று வந்துவிட்டது. இனி நடக்கத் தொடங்கினாலும் நின்றாலும் முக்குத் திரும்பினாலும் இது ஊசலாடும் என்று அந்த நொடியே எனக்குத் தெரியும். தெரிந்துதான் இயக்குநரைக் கூப்பிட்டு, நின்ற இடத்திலேயே பிடித்துக் காட்டினேன். அவன் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

மறுநாள் லைன் வீட்டில் நண்பன் அதைத் தூக்கிக்கொண்டு நடந்தான். பொதுக்குழாய்வரை ஒருவாறு போனது. முக்குத் திரும்பும்போது படம் இடமும் வலமுமாக ஆடி, அந்தப் பெண் தெருவில் கலந்த பிறகும் ஆடிக்கொண்டிருந்தது. மறுபடி எடுத்தார்கள், மறுபடியும் அதேதான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "முட்டிய மடக்கி நடடா. குதிகாலு மொதல்ல வெய்யி. நீ குதிச்சுக் குதிச்சு நடக்கற" என்றேன். நடை பழக்கும் வாத்தியார் மாதிரி முன்னால் நடந்தும் காட்டினேன், வெறுங்கையோடு.

பாவம், அவன் நம்பினான். வெயில் ஏற ஏற முட்டியை மடக்கி மடக்கி நடந்தான். நடுவில் ஒருமுறை, "இத எடுத்துப்போட்டுட்டு ட்ரைபாட மடக்கி அதோட கழுத்தப் புடிச்சுட்டு நடந்து பாக்கட்டுமா?" என்று கேட்டான். காசில்லாதவர்களின் பழைய உபாயம் அது; மடக்கிய கால்களின் எடையே கேமராவை ஓரளவு நிதானமாக வைக்கும். சாம் ரெய்மி 'ஈவில் டெட்' எடுத்தபோது கேமராவை ஒரு பலகையில் திருகி, ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு ஓடியே காரியத்தை முடித்தார்கள். அவன் சொன்னதைக் கேட்டிருந்தால் ஷாட் ஏதோ தேறியிருக்கும். என் கருவி மட்டும் எல்லார் கண் முன்னாலும் ஓரமாகக் கிடந்திருக்கும். "கல்யாண வீடியோவாடா எடுக்கறோம்?" என்று நக்கலடித்தேன். எல்லாரும் சிரித்தார்கள். அவன் பேசாமல் மறுபடி முட்டியை மடக்கினான்.

எடிட்டிங்கில் அந்த ஷாட்டைத் துண்டு துண்டாக நறுக்கினார்கள். படத்தை ஒரு போட்டிக்கு அனுப்பினோம், முதல் சுற்றைத் தாண்டவில்லை. கேமரா வேலைதான் கெடுத்தது என்று இயக்குநர் அவனை எல்லார் முன்னாலும் பேசியபோது நானும் அங்கே இருந்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடமே கோணல், கட்டியவன் நான், ஆடத் தெரியாதவன் என்ற பேர் மட்டும் அவனுக்கு.

மோட்டார் வைத்த கிம்பல் ஒன்றை இப்போது வாங்கியிருக்கிறான், அந்தப் பையனுக்காக. என் பழைய கருவியை நான் தூக்கிப் போடவில்லை. வாஷர்கள் அப்படியே இருக்கின்றன. அதை எடுத்துப் போய் அவன் முன்னால் படுக்கைவாக்கில் பிடித்து விட்டால் போதும். ஒரு விநாடிக்குள் அவனுக்கே எல்லாம் விளங்கிவிடும், நான் வாயைத் திறக்கக்கூட வேண்டாம். முகூர்த்த நாட்களில் அவனைப் பிடிக்க முடியாது. ஆடி பிறந்ததும் போக வேண்டும் என்றிருக்கிறேன். போன ஆடிக்கும் இப்படித்தான் சொல்லிக்கொண்டேன்.