வாசலில் நிற்கும் மாணவன்

திரைப்படம் ஒன்றைப் பற்றி, அதுவும் இசையாசிரியர் ஒருவரைப் பற்றிய திரைப்படத்தைப் பற்றி, மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் ஒருவன் எழுதுவது வாசகர்கள் சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். இசை குறித்து மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதை நான் அறியாதவன் அல்லன். அதனைத் தீர்த்து வைப்பது இக்கட்டுரையின் நோக்கமும் அன்று. கற்க வருகிறவனுக்கும் கற்பிக்கிறவனுக்கும் இடையே உள்ள வாசற்படியைப் பற்றியே இங்கே எழுத விழைகிறேன்.

ராஜீவ் மேனன் இயக்கத்தில் 2019 பிப்ரவரியில் வெளிவந்தது 'சர்வம் தாளமயம்'. மிருதங்கம் செய்து விற்கும் ஜான்சன் என்பவரின் மகன் பீட்டர். ஒழுங்காகப் படிக்காமல், நடிகர் ஒருவரின் ரசிகனாக ஊர் சுற்றித் திரிபவன். தந்தை செய்த மிருதங்கத்தைக் கொண்டு கொடுக்கப் போன இடத்தில் வேம்பு ஐயர் என்னும் வித்துவானின் வாசிப்பைக் கேட்கிறான். அன்று முதல் அவனுடைய வாழ்வு வேறாகிவிடுகிறது. அவரிடம் கற்க வேண்டும் என்று போய் நிற்கிறான். எளிதில் இடம் கிடைக்கவில்லை. கிடைத்த பின்னும் உடன் இருப்போரின் இகழ்ச்சி அவனை விடவில்லை. குருவின் கோபத்துக்கு ஆளாகி வெளியேறுகிறான். நாட்டின் பல பகுதிகளுக்கும் சென்று அங்கங்கே ஒலிக்கும் தாளங்களைக் கேட்டுத் திரும்புகிறான். வேம்பு ஐயராக நடித்த நெடுமுடி வேணு 2021இல் மறைந்தார். அவர் தாமே மிருதங்கம் வாசிக்கத் தெரிந்தவர். அந்த விரல்களின் உறுதியும், மாணவனைப் பார்க்கும் பார்வையின் கண்டிப்பும் கனிவும் எளிதில் மறக்கக்கூடியவை அல்ல.

படத்தின் உயிர் ஒரு முரண்பாட்டில் இருக்கிறது. மிருதங்கத்துக்குப் பலா மரத்தைக் குடைய வேண்டும். மாடு, ஆடு ஆகியவற்றின் தோலைப் பதம் பார்த்து இழுத்துக் கட்ட வேண்டும். வலந்தலையில் கரிய பொடியைச் சோற்றோடு குழைத்து அடுக்கடுக்காகத் தேய்க்க வேண்டும். சுருதி தெரியாத கை இதனைச் செய்ய இயலாது. இத்தொழிலில் தலைமுறை தலைமுறையாக இருப்போரில் பலர் தலித் கிறிஸ்தவக் குடும்பத்தினர். பாடகர் டி.எம். கிருஷ்ணா 2020இல் வெளியிட்ட 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்னும் ஆங்கில நூல் இவர்களுடைய வாழ்வைப் பற்றியதே. கருவியைப் படைத்த கைக்குக் கச்சேரி மேடையில் இடம் இருந்ததில்லை. செய்பவன் ஒருவன், பயன் கொள்பவன் வேறொருவன்.

விருதுநகர் மாவட்டத்தில் வாழும் நமக்கு இக்கதை அந்நியமானதன்று. 1920களில் பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்த நாள் முதல் சிவகாசி வளர்ந்த கதையை நாடறியும். தீப்பெட்டி, பட்டாசு, அச்சு ஆகிய மூன்றும் இவ்வூரின் பெயரைக் கடல் கடந்தும் கொண்டு சென்றன. பிள்ளைகளின் நோட்டுப் புத்தகங்களும், சுவரில் தொங்கும் நாட்காட்டிகளும் இங்கே அச்சாகி எங்கெங்கோ போகின்றன. ஆயினும் அந்த ஏடுகளை மடித்துத் தைத்த கைகளுள் எழுதப் பழகாத கைகள் எத்தனை! தீப்பெட்டி ஆலைகளில் சிறார்கள் பணியாற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. பட்டாசு போன்ற ஆபத்தான தொழிலில் 18 வயது நிறையாதவர்களைச் சேர்க்கலாகாது என்று 2016இல் சட்டம் திருத்தப்பட்டது. நிலைமை முன்பு போல் இல்லை என்பது உண்மையே. எனினும் சட்டம் பிள்ளையை ஆலை வாசலிலிருந்து திருப்பி அனுப்பும். கல்வியின் வாசலுக்குள் அவனை அழைத்து அமர்த்த வேண்டியவர் ஆசிரியரே.

வாசலில் வந்து நின்ற ஒருவரைக் குறித்து நம் மறையில் ஓர் அத்தியாயமே இறங்கியிருப்பதை நாம் நன்கறிவோம். 80ஆவது அத்தியாயமான 'அபஸ' அது. குறைஷித் தலைவர்களுடன் நபிகள் நாயகம் (ஸல்) உரையாடிக்கொண்டிருந்த வேளையில், பார்வையற்ற தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) மார்க்கத்தைக் கற்க ஆவலுடன் வந்தார். அவ்வேளையில் நபியவர்களின் முகம் சற்றே சுருங்கியதை இறைவன் கண்டித்து உணர்த்தினான். தேவையற்றவன் போல் இருப்போரைத் தேடிப் போவதைவிட, இறையச்சத்தோடு தேடி வந்தவனைக் கவனிப்பதே மேல் என்னும் பாடம் அதில் இருக்கிறது. அதே தோழர் பிற்காலத்தில் பாங்கு சொல்லும் பொறுப்பைப் பெற்றார். நபியவர்கள் வெளியூர் சென்ற காலங்களில் மதீனாவில் அவர்களுடைய பிரதிநிதியாகவும் இருந்தார். ஓதிக்கொடுக்கும் ஒவ்வொருவரும் வகுப்பறைக்குள் நுழையுமுன் நினைக்க வேண்டிய வரலாறு இது.

வாசல் திறந்தால் என்ன விளையும் என்பதற்கு நம் சமுதாயத்திலேயே ஒரு சான்று உண்டு. நாகசுர மேதை ஷேக் சின்ன மௌலானா ஆந்திராவின் கரவதி என்னும் ஊரில் 1924இல் பிறந்தவர். நாகசுரம் வாசிக்கும் முஸ்லிம் குடும்பம் அவருடையது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் வாசிப்பில் மனம் பறிகொடுத்த அவர், தஞ்சைப் பாணியைக் கற்பதற்காகத் தமிழகம் வந்தார். நாச்சியார்கோவில் ராஜம், துரைக்கண்ணு சகோதரர்கள் அவருக்குக் கற்றுக்கொடுத்தனர். மொழி வேறு, மதம் வேறு என்று அவர்கள் கதவடைத்திருந்தால் 1977இல் பத்மஸ்ரீயும், 1998இல் சங்கீத கலாநிதியும் பெற்ற அந்த மேதையைத் தமிழகம் இழந்திருக்கும். தாம் பெற்றதை அவரும் தம்மோடு வைத்துக்கொள்ளவில்லை. ஸ்ரீரங்கத்தில் 1982இல் பள்ளி ஒன்றை நிறுவிப் பலருக்கும் கற்பித்தார். அவரிடம் பயின்ற காலீஷாபி மெஹபூப், ஷேக் மெஹபூப் சுபானி தம்பதியர் 2020இல் பத்மஸ்ரீ விருதுக்குத் தேர்வாயினர். ஆசிரியர் திறந்த வாசல் அடுத்த தலைமுறைக்கும் திறந்தே இருந்தது.

மிருதங்கத்தையும் நாகசுரத்தையும் நூலைப் பார்த்து மட்டும் கற்க இயலாது. குருவின் எதிரில் அமர்ந்து, கேட்டு, திரும்பச் செய்து, திருத்தம் பெற்றே கற்க வேண்டும். திருமறையை ஓதக் கற்பதும் அத்தகையதே. ஜிப்ரீல் (அலை) ஒவ்வொரு ரமளானிலும் நபியவர்களுடன் குர்ஆனை ஓதிப் பார்த்தார்கள். நபியவர்களின் இறுதி ஆண்டில் இருமுறை ஓதிப் பார்த்தார்கள். வாயிலிருந்து செவிக்கு என்னும் அந்தச் சங்கிலி இன்றுவரை அறுபடவில்லை. எழுத்துகள் பிறக்கும் இடங்களை 17 என வகுத்துள்ளனர் தஜ்வீது அறிஞர்கள். 'ஐன்' தொண்டையின் நடுவிலிருந்து வர வேண்டும். 'ழாத்' நாவின் ஓரம் கடைவாய்ப் பற்களைத் தொட்டு எழ வேண்டும். இவற்றைத் தாளில் எழுதிக் காட்டலாம். நாவில் ஏற்றுவதற்கு ஆசிரியரின் பொறுமை ஒன்றே வழி.

என்னிடம் ஓத வந்த சிறுவன் ஒருவனுக்கு இவ்வெழுத்துகள் வசப்படவே இல்லை. தந்தை இல்லாத பிள்ளை. தாயார் பட்டாசுக்குக் காகிதக் குழாய் உருட்டுபவர். ஒரு நாள் மாலை வந்து, "இவனுக்கு நாக்கே திரும்ப மாட்டேங்குது ஹஜ்ரத். ஓதினது போதும்னு நிறுத்திடட்டுமா? வீட்டுல எனக்குக் கூடமாட இருப்பான்" என்று கேட்டார். "திக்கித் திக்கி ஓதுறவனுக்கு ரெண்டு கூலின்னு நபியவங்க சொல்லியிருக்காங்கம்மா. அந்த ரெண்டாவது கூலியை ஏன் விடணும்? அவன் வரட்டும்" என்றேன். அஸருக்குப் பின் அரை மணி நேரம் அவனுக்கெனத் தனியே ஒதுக்கினேன். நான் ஓதுவேன், அவன் என் வாயையே பார்த்திருப்பான். நான்கு மாதம் சென்றபின், ஒரு நாள் சூரா ஃபாத்திஹாவைப் பிழையின்றி ஓதி முடித்து, தானே நம்பாதவன் போல என்னைப் பார்த்தான். தாயாரும் பின்னர் ஓதலை நிறுத்துவது பற்றிப் பேசவில்லை. அவன் இப்போது பள்ளிக்கூடத்துக்கும் தவறாமல் போகிறான்.

படத்தில் என் மனத்தில் நின்றது மாணவன் பெறும் வெற்றி அன்று. தம் கலையைச் சுமந்து செல்லத் தகுந்த கை எங்கே பிறந்தது என்று பாராமல் அதனைக் கண்டுகொள்ளும் நிலைக்கு அந்த முதியவர் வந்து சேர்வதே. அறிவு பரம்பரைச் சொத்தன்று, அது அமானிதம். உரியவரிடம் சேர்ப்பிக்காதவன் அமானிதம் பேணியவன் ஆகான்.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளை மெல்லக் கற்கிறான் என்பதற்காக அவனை நிறுத்திவிடாதீர்கள். ஆசிரியப் பெருமக்களே! கடைசி வரிசையில் களைத்து அமர்ந்திருக்கும் பிள்ளையின் பெயரை இன்று ஒருமுறை அழையுங்கள். தேடி வரும் எவரையும் திருப்பி அனுப்பாத நெஞ்சை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.