முப்பது அடி தண்ணீர்

ஜவ்வாது மலைக்குப் போகிறவர்கள் பீமன் நீர்வீழ்ச்சியைப் பார்ப்பார்கள், கொஞ்சம் தேனும் சாமையும் வாங்கிக்கொண்டு இறங்குவார்கள். நான் பார்க்கப்போனது ஒரு தரைப்பாலத்தை. அதையும் பார்க்க முடியவில்லை. அது தண்ணீருக்கு அடியில் இருந்தது!

ஜமுனாமரத்தூரிலிருந்து உள்ளே ஒரு கிராமத்துக்கு ஷேர் ஜீப். முந்தின ராத்திரி செம மழை. ஓடை தரைப்பாலத்தின் மேல் ஏறி நின்று, 'எங்கே, வா பார்க்கலாம்' என்று மிரட்டியது. அகலம் மிஞ்சிப்போனால் முப்பது அடி. டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டு பீடி பற்றவைத்தார். 

"எப்ப போகலாம்?"

"தண்ணி போனா நாம போலாம் சார்."

இதே மலையில், காவலூரில் உட்கார்ந்துகொண்டு, 1977-ல் யுரேனஸ் கிரகத்துக்கு வளையம் இருப்பதன் தடயத்தைப் பிடித்தார்கள். எத்தனை கோடி கிலோமீட்டர்! எனக்கு எதிர்க்கரைக்குப் போக வழியில்லை.

பக்கத்தில் இருந்த பெரியவர் மட்டும் அலட்டிக்கொள்ளவே இல்லை.

"எம் பேத்தி பொறந்ததே இங்கதான் தம்பி. மருமவள டோலி கட்டித் தூக்கியாந்தோம். தண்ணி வடியல. தோ, அந்தப் புளியமரத்தடியில பொறந்துச்சு."

"இப்ப எப்படி இருக்கு?"

"அதுக்கென்ன, பள்ளிக்கூடம் போவுது. தண்ணி இல்லாத நாள்ல."

எனக்குச் சுருக்கென்றது. நான் தினமும் ஆபீஸ் போவது சைதாப்பேட்டை மறைமலையடிகள் பாலத்தின் வழியாக. டிராஃபிக்கைத் திட்டிக்கொண்டேதான் போவேன். அந்த இடத்தில் அடையாறுக்குக் குறுக்கே முதலில் பாலம் வந்தது 1726-ல். கட்டியது ராஜா இல்லை, கவர்னர் இல்லை. பாரசீகத்தின் ஜுல்ஃபாவிலிருந்து மெட்ராஸுக்குப் பிழைக்க வந்த ஓர் ஆர்மீனிய வியாபாரி, கோஜா பெட்ரூஸ் உஸ்கான். ஆற்றில் வெள்ளம் வந்தால் பரங்கிமலை தேவாலயத்துக்குப் போகிற பக்தர்கள் பாடு திண்டாட்டம். மனுஷர் சொந்தப் பணம் 30,000 வராகனை எடுத்துப் பாலம் கட்டினார். மலைக்குப் படிக்கட்டும் அவர் உபயம்தான். மாம்பலம் என்ற பெயர் வெள்ளைக்காரன் வாயில் சிக்கி, பாலத்துக்கு 'மர்மலாங் பாலம்' என்று பெயர் வந்தது.

பி.காம். படித்தவன் கண் வேறொரு கணக்கில் போய் நிற்கிறது. பராமரிப்புக்கென்று தனியாக 1,500 வராகன் ஒதுக்கிவைத்தார் உஸ்கான். போட்ட முதலில் ஐந்து சதவீதம்! ரிப்பன் வெட்டுவதோடு வேலை முடிந்தது என்று நினைக்காத ஆசாமி. 1960-களில்தான் அதற்குப் பதில் இன்றைய பாலம் வந்தது.

பிராக் நகரத்தில் 1357-ல் நான்காம் சார்லஸ் மன்னர் தொடங்கிய சார்லஸ் பாலத்தை, உலகமே டிக்கெட் எடுத்துப் போய்ப் பார்க்கிறது. நம் உஸ்கானை சைதாப்பேட்டையிலேயே யாருக்கும் தெரியாது.

மத்தியானம் தண்ணீர் இறங்கியது. ஜீப் உறுமிக்கொண்டு கரையேறியதும் பெரியவர் கேட்டார்: "உங்க ஊர்ல பாலம் இருக்கா தம்பி?"

"இருக்கு பெரியவரே. முந்நூறு வருஷத்துக்கு முன்னாடியே ஒரு வியாபாரி கட்டிட்டாரு."

"உங்க ஊர்க்காரரா?"

"இல்லே, வெளிநாட்டுக்காரர்."

பெரியவர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப அவரும் ஒருநாள் கரையில நின்னிருக்கணும்."

திங்கட்கிழமை காலை. சைதாப்பேட்டை பாலத்தில் அரை மணி நேரம் பஸ் நகரவில்லை. பக்கத்து சீட்காரர் யார் யாரையோ திட்டினார்.

நான் வாயைத் திறக்கவில்லை.