பேரளம் வழியே வரட்டும்

காரைக்காலிலிருந்து வடக்கே போவதென்றால் நான் முதலில் பார்ப்பது, சென்னை எழும்பூரில் இறங்கி சென்ட்ரலில் ஏறக் கிடைக்கும் இடைவெளியைத்தான். நம்ம வண்டி தாமதமானாலும் அடுத்ததைப் பிடிக்க அரை நாளாவது கையில் வேண்டும். திரும்பும்போது மயிலாடுதுறையில் விடியுமுன் இறங்க நேர்ந்தால் அம்மாவை பெஞ்சில் உட்கார வைத்து, பையைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு, காரைக்கால் பஸ்ஸுக்குக் காத்திருப்போம். வயதானவர்களுக்கு அந்த நேரம் பெரிய கொடுமை.

இந்த அலைச்சலைக் குறைக்கக்கூடிய பேரளம்–காரைக்கால் ரயில் பாதை 1898-ல் வந்தது, 1987-ல் நின்றது. 2011-ல் ரயில் திரும்ப வந்தது நாகூர் வழியாக. திருவாரூர், நாகப்பட்டினம் என்று சுற்றி. இப்போது பேரளத்துக்கு 23 கிலோமீட்டர் தண்டவாளம் மறுபடி போட்டாகிவிட்டது. சென்னை வண்டிகள் எல்லாம் அந்த வழியே வரட்டும். நம் எம்.பி.யிடம் எல்லோரும் கேளுங்கள்.