வலது கால் கியர், இடது கால் பிரேக்

ஏப்ரல் 23-ம் தேதி வந்தால் எனக்கு ஒரு மோட்டார் சைக்கிள் பந்தயம் ஞாபகம் வரும். 2022-ல் அதற்கு 50 வயது முடிந்தது. "ஆயுசு முழுக்க ஃபைல் பார்த்தவருக்கும் பந்தயத்துக்கும் என்ன சார் சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நான் ஓட்டியதெல்லாம் ஒரு விஜய் சூப்பர் ஸ்கூட்டர். மழைக்காலத்தில் அதைச் சாய்த்து, நிமிர்த்தி, பத்து உதை உதைத்தால்தான் கிளம்பும். ஆனால் அதுவும் பிறப்பால் இத்தாலிதான். லாம்பிரெட்டா செய்த இயந்திரங்களை வாங்கி வந்து, நம் அரசாங்கமே லக்னோவில் வைத்துச் செய்த வண்டி அது.

பந்தயக் கதை என் பள்ளித் தோழனுடையது. அவன் சொல்தா வீட்டுப் பையன். அவன் நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் எல்லாம் மோட்டார் சைக்கிள் படமாக இருக்கும். அதனால் வகுப்பில் அவனுக்கு 'மோத்தோ' என்றே பெயர். பிரெஞ்சில் மோட்டார் சைக்கிளை அப்படித்தான் சுருக்கிச் சொல்வார்கள். 1962-ல் நம் ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது அவன் அப்பா பிரெஞ்சு குடியுரிமையை எழுதிக் கொடுத்தார். என் அப்பா கொடுக்கவில்லை. ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த இருவரில் ஒருவன் பிரான்சுக்குப் போனான், ஒருவன் இங்கே எல்.டி.சி. ஆனான்.

1972 மே மாதம் அவனிடமிருந்து ஒரு தடித்த உறை வந்தது. உள்ளே பிரெஞ்சுப் பத்திரிகை ஒன்றிலிருந்து வெட்டிய நான்கு பக்கங்கள். இத்தாலியில் இமோலா என்ற ஊரில் நடந்த 200 மைல் பந்தயம். அந்தக் காலத்தில் இத்தாலியில் பந்தயம் என்றால் எம்.வி. அகுஸ்தா வண்டி, அதன் மேல் ஜாக்கோமோ அகொஸ்தீனி. அவர் மொத்தம் 15 உலகப் பட்டங்கள் வாங்கியவர். அன்றைக்கு அவர் வண்டி பாதியில் நின்றுவிட்டது. டுகாட்டி 750-ல் வந்த பால் ஸ்மார்ட் என்ற ஆங்கிலேயர் முதலிடம். அதே டுகாட்டியில் வந்த ப்ரூனோ ஸ்பஜ்ஜாரி இரண்டாம் இடம். ஸ்மார்ட்டுக்கு அன்று 29-வது பிறந்தநாள். அவர் அமெரிக்காவில் இருந்த நேரத்தில் டுகாட்டிக்காரர்கள் வீட்டுக்குப் போன் செய்ய, அவரைக் கேட்காமலேயே மனைவி ஒப்புக்கொண்டாராம்.

எனக்குப் பிடித்தது வேறொரு சங்கதி. அப்போது டுகாட்டி இத்தாலிய அரசாங்கத்தின் கையில் இருந்த கம்பெனி. தனியார் எம்.வி.யை அரசாங்கக் கம்பெனி தோற்கடித்தது என்று ஆபீஸில் ஒரு வாரம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். எங்கள் சூப்பரின்டென்டெண்ட், "அங்கே ஓவர்டைம் உண்டா என்று எழுதிக் கேளும்" என்றார்.

ஜெயித்த இன்ஜினை வடிவமைத்தவர் ஃபாபியோ தாலியோனி. அதன் விசேஷம் வால்வில் இருந்தது. அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு ராத்திரி படித்துத்தான் புரிந்துகொண்டேன். எங்கள் ஆபீஸ் வாசலில் ஸ்பிரிங் வைத்த அரைக்கதவு இருந்தது. தள்ளிவிட்டுப் போனால் தானே மூடிக்கொள்ளும். சம்பள நாளில் ஆட்கள் வேகவேகமாக வந்தால், ஒருத்தருக்கு மூடுவதற்குள் அடுத்தவர் வந்துவிடுவார், கதவு நடுவில் நின்று ஆடும். சாதாரண இன்ஜினிலும் வால்வைத் திறப்பது கேம், மூடுவது ஸ்பிரிங். வேகம் அதிகமானால் ஸ்பிரிங்கால் ஈடுகொடுக்க முடியாது. தாலியோனி மூடும் வேலையையும் ஸ்பிரிங்கிடம் விடாமல் கேமிடமே கொடுத்தார். கதவைத் திறக்கவும் மூடவும் ஒரு பியூனை நிறுத்தியது போல. இதற்கு டெஸ்மோ என்று பெயர்.

மோத்தோவுக்கு டெஸ்மோ வண்டி வாங்க வசதி இல்லை. 1977-ல் பழைய டுகாட்டி 750 ஜிடி ஒன்றை வாங்கினான். அதில் ஸ்பிரிங்தான். இரண்டு சிலிண்டர், ஒன்று நிமிர்ந்து நிற்கும், ஒன்று முன்பக்கம் படுத்திருக்கும். அதைத்தான் 40 வருஷத்துக்கு மேல் வைத்திருந்தான்.

2014-ல் அவன் அழைத்ததன் பேரில் பிரான்ஸ் போனேன். லியோன் பக்கத்தில் வீடு. முதல் நாள் இரவு, அவன் மாடிக்குப் போன நேரம் பார்த்து அவன் மனைவி என்னிடம் வந்தாள். "அண்ணா, 67 வயசாகுது. இன்னும் அந்த வண்டியை எடுத்துக்கிட்டு பந்தய மைதானத்துல சுத்துறாரு. நீங்க சொன்னா கேப்பாரு. போதும்னு சொல்லுங்க." சொல்கிறேன் என்றேன்.

அந்த வாரமே திஜோன் நகரத்தை ஒட்டிய ப்ரெனுவா பந்தய மைதானத்துக்குப் போனோம். வருஷா வருஷம் பழைய வண்டிக்காரர்கள் அங்கே கூடுகிறார்கள். பரிசு கிடையாது. வண்டிகளை வகைவகையாகப் பிரித்து மைதானத்துக்குள் விடுவார்கள், ஓட்டி மகிழ்ந்துவிட்டு வரவேண்டியதுதான். ஆனால் ஹெல்மெட்டை மாட்டியதும் யாருக்கும் அந்த நினைப்பு இருப்பதாகத் தெரியவில்லை. 60, 70 வயதுக்காரர்கள் தோல் உடுப்பில் வயிற்றை அடக்கிக்கொண்டு, பக்கத்து வண்டியை ஓரக்கண்ணால் பார்க்கிறார்கள்.

உள்ளே நுழைந்ததும் எனக்கு விளக்கெண்ணெய் வாசனை அடித்தது. பிரமை என்று நினைத்தேன். இல்லை, அந்தக் காலப் பந்தய வண்டிகளுக்கு ஆமணக்கு எண்ணெய்தான் போடுவார்களாம், சிலர் இன்றும் போடுகிறார்கள். மாதம் ஒரு முறை பாட்டி மூக்கைப் பிடித்து ஊற்றிய சமாசாரத்தை இத்தாலி வண்டிகள் விரும்பிக் குடிப்பதைப் பார்த்துச் சிரித்துவிட்டேன்.

மோத்தோ கார்ப்பரேட்டர் பொத்தானை பெட்ரோல் கசியும் வரை அழுத்தினான். ஒரே உதை. வண்டி கிளம்பியது. மூன்று சுற்று என் முன்னால் நன்றாகத்தான் போனான். நான்காவது சுற்றில் காணோம். என் கையில் அவன் கண்ணாடிக் கூடு இருந்தது. அதைத் திறந்து மூடி, திறந்து மூடி நின்றேன். கடைசியில் மெதுவாக வந்தான். சக்கரத்தில் புல் ஒட்டியிருந்தது. கையுறையைக் கழற்ற முடியாமல் விரல் நடுங்கியது.

"பிரேக்குன்னு கியரை மிதிச்சிட்டேன்டா" என்றான்.

நம் ஊரில் பழைய புல்லட் ஓட்டியவர்களுக்கு இது உடனே புரியும். அதைப் போலவே அந்த டுகாட்டிக்கும் வலது காலில் கியர், இடது காலில் பிரேக். அவன் தினசரி வேலைக்கு வைத்திருந்த ஜப்பான் வண்டியில் நேர்மாறு. வளைவில் எதிரே ஒருவர் வேகம் குறைக்க, இவன் கால் ஜப்பான் வண்டியில் இருப்பதாக நினைத்துவிட்டது. முன் பிரேக்கைப் பிடித்துச் சமாளிப்பதற்குள் புல்லில் இறங்கிவிட்டான். விழவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

"வீட்ல சொல்லாதடா" என்றான். சரி என்றேன்.

அன்று இரவு சாப்பாட்டு மேஜையில் அவன் மனைவி என்னைப் பார்த்து, "எப்படி ஓட்டினாரு?" என்று கேட்டாள். "நல்லாத்தான் ஓட்டினான்மா" என்றேன். அவள் குழம்பை என் பக்கம் நகர்த்திவிட்டு எழுந்து போனாள்.

நான் ஊர் திரும்பிய பிறகு மோத்தோ போன் செய்தான். ஒன்றை விற்றுவிட்டானாம். டுகாட்டியை அல்ல, ஜப்பான் வண்டியை! "தப்பு வயசுல இல்லடா, ரெண்டு பழக்கத்துல. இனிமே காலுக்கு ஒரே பழக்கம்" என்றான். அது சரியான யோசனையா, ஆசைக்குச் சொன்ன சமாதானமா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு கோடையிலும் அவனிடமிருந்து போன் வரும்வரை எனக்குச் சாப்பாடு இறங்காது. அவனுக்கு ஏதாவது ஆகியிருந்தால், அந்த மேஜையில் நான் சொன்ன வார்த்தைக்கு யாரிடம் போய் நிற்பேன்?

2021 அக்டோபர் 27 அன்று பால் ஸ்மார்ட் இறந்துவிட்டார். வயது 78. மோட்டார் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே சாலை விபத்து. செய்தியைப் படித்ததும் மோத்தோவுக்குப் போன் போட்டேன். அவனும் படித்திருந்தான். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. பிறகு நான்தான், "டேய், அன்னைக்கு உன் வீட்ல நான் உண்மையைச் சொல்லியிருக்கணும். ஏழு வருஷமா மனசுல கிடக்குது" என்றேன்.

அவன் மெதுவாகச் சொன்னான்: "நான் அன்னைக்கு வண்டியை ஷெட்டில வச்ச உடனே அவகிட்ட சொல்லிட்டேன்டா. மறைக்க முடியல."

அப்படியானால் மேஜையில் அவள் என்னைக் கேட்டபோது அவளுக்கு எல்லாம் தெரியும். நான் என்ன சொல்கிறேன் என்று பார்க்கத்தான் கேட்டிருக்கிறாள். போனை அவளிடம் கொடுக்கச் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கண்ணா. உங்களை நம்பித்தான் கேட்டேன், அதான் அப்போ வருத்தமா இருந்துச்சு" என்றாள். அதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்லாதது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அந்தக் குளிர்காலத்தில் மோத்தோ வண்டியை மருமகனிடம் கொடுத்துவிட்டான். யாரும் கேட்காமல் அவனாகவே கொடுத்தான். இப்போது ஷெட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "வலது கால் கியர், வலது கால் கியர்" என்று அவருக்குப் பாடம் நடத்துகிறானாம்.

வீட்டில் பழைய புல்லட்டும் புது வண்டியும் சேர்த்து வைத்திருக்கும் நண்பர்களே, காலுக்கு ஒரு பழக்கம் போதும். அப்புறம், சிநேகிதன் வீட்டில் உங்களை நம்பி ஒரு கேள்வி கேட்டால், சாப்பாடு ஆறினாலும் பரவாயில்லை, நடந்ததைச் சொல்லிவிடுங்கள்.