பழி சுமந்த சாக்லேட்

எம் தங்கைக்குச் சாக்லேட் ஆகாது என்பது ஓராண்டுக் காலம் எம் இல்லத்தில் ஐயமற்ற சித்தாந்தமாய் விளங்கிற்று. பெரம்பலூரில் ஒருநாள் மாலை யாமே வாங்கிக் கொடுத்த சாக்லேட்டைத் தின்ற சிறிது நேரத்தில் அவள் உதடு வீங்கி, மேனியெங்கும் தடிப்புகள் எழுந்தன. செட்டிரிசின் மாத்திரை ஒன்றால் அவை அடங்கவே, நோயும் அறிந்தோம், மருந்தும் அறிந்தோம் என்று இறுமாந்திருந்தோம்.

அடுத்த கிறிஸ்துமஸுக்கு அரியலூரில் மாமா வீட்டிற்குச் சென்றோம். அத்தை இட்ட பாயசத்தை உண்டு கிண்ணத்தை வைக்குமுன், "அண்ணா, தொண்டையை அடைக்கிறது" என்றாள் தங்கை. குரல் மாறியிருந்தது, மூச்சு சீறிற்று, இருமுறை வாந்தியும் எடுத்தாள். யாமோ பேதைமையால் பழைய மாத்திரையைத் தேடிப் பெட்டியைக் குடைந்துகொண்டிருந்தோம். மாமாதாம் அவளைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு விரைந்தார். மருத்துவர் கண்டவுடனே தொடைத் தசையில் அட்ரினலின் ஊசியைச் செலுத்தினார். சில நிமிடங்களில் மூச்சு சீர்ப்பட்டது. அடங்கிய வேகம் சில மணி நேரங்கழித்து மீளுதலும் உண்டாகையால், அன்றிரவு அவளை ஆங்கே இருத்தினர்.

"மாத்திரை அரிப்பைத் தணிக்கும், தம்பி, மூச்சைக் காப்பாற்றாது. பாயசத்தில் சாக்லேட் ஏது?" என்றார் மருத்துவர். யாம் நாணினோம். கோகோவே ஒவ்வாதார் மிகச் சிலர் என்றும், அதனோடு கலக்கும் பால், நிலக்கடலை, கொட்டை வகைகளே பெரும்பாலும் தீங்கு செய்வன என்றும் விளக்கினார். அன்றைய சாக்லேட்டில் முந்திரி இருந்தது. பாயசத்திலும் நெய்யில் வறுத்த முந்திரி! திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்தை உரையோடு ஒப்புவிக்கவல்ல யாம், நோயின் காரணத்தை ஆராய்ந்தோமில்லை. பின்னர்த் தோலிற் குத்திப் பார்க்கும் சோதனையும் முந்திரியையே காட்டிற்று. செயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கத்து முந்திரிக் காடுகளையுடைய மாவட்டத்திலன்றோ எம் உறவினர் வாழ்கின்றனர்!

இப்பொழுது முந்திரியும் அதன் இனமாகிய பிஸ்தாவும் அவளுக்கு விலக்கு. சாக்லேட்டோ, மருத்துவர் இசைவுடன் மீண்டும் வந்துவிட்டது. 2020ஆம் ஆண்டின் உணவு விதிகளின்படி, ஒவ்வாமை விளைக்கும் பொருள்களை உறைமேற் குறித்தல் வேண்டும். அதனைப் படித்த பின்னரே தங்கை உறையைப் பிரிக்கின்றாள். திருமண விருந்திற்கு உறை ஏது? ஆதலின் யாமே சமையற்கட்டிற்குட் சென்று வினவுகின்றோம். "ஒரு முந்திரியால் என்ன வந்துவிடும்?" என்று நகைப்பாரும் உளர். அவர்க்கு அந்த அரியலூர் மாலையைச் சொல்லுகின்றோம்.