நகத்தில் விழும் வெளிச்சம்

துவக்கு என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் உரத்துச் சொன்னதில்லை. வெள்ளவத்தையில் யுத்தகாலத்தில் வளர்ந்தவர்களுக்கு இது விளங்கும். சுற்றிவளைப்பு என்று தெரிந்ததும் அம்மா முதலில் எடுத்து வைப்பது பொலிஸ் பதிவுத் துண்டை. அடுத்து, தம்பியின் பிளாஸ்டிக் துப்பாக்கியை எங்காவது ஒளிப்பார். ஆகவே ரொறன்ரோவிலிருந்து பள்ளித் தோழன் ஒருவன் பழைய துவக்கு வாங்கப்போவதாகச் சொன்னபோது, என்னை அறியாமலே எழுந்துபோய் யன்னலைச் சாத்தினேன்.

அங்கே உரிமம் உள்ளவர்கள் உலகப் போர்க்காலத் துவக்குகளைச் சேகரிக்கலாம். அவன் கண் வைத்திருந்தது ஒரு லீ-என்ஃபீல்ட், .303. கல்கத்தாவுக்குப் பக்கத்து இச்சாப்பூர் தொழிற்சாலையில் 1942இல் செய்தது. பர்மாப் போர்முனையில் நின்றது, அன்று இருந்தபடியே இருக்கிறது, எண்கள் எல்லாம் பொருந்தும் என்று விற்பவர் எழுதியே கொடுத்திருந்தாராம். "கொட்டாஞ்சேனையில என்ர மாமா இருக்கிறார். இதிலதான் வேலை செய்தவர். ஆளுக்குப் போன் பிடிபடாது. நீ பக்கத்தில இருந்து பிடிச்சுக் குடுப்பியா?"

ஒரு சனிக்கிழமை பின்னேரம் கோட்டை வரை ரயிலிலும் அங்கிருந்து ஆட்டோவிலும் போனேன். ஜம்பட்டா வீதியிலிருந்து பிரியும் ஒழுங்கை. முன் விறாந்தையில் மூன்று சிங்கர் தையல் மெஷின்கள் கழற்றியபடி கிடந்தன. எண்பது வயது ஐயா சாரத்தில் கை துடைத்துக்கொண்டு வந்தார். கதிரையில் இருந்ததும் முதல் வேலையாகத் தன் வலது பெருவிரல் நகத்தைப் பார்த்துக்கொண்டார். ஒட்ட வெட்டிய, எண்ணெய்க்கறை இல்லாத நகம். மற்ற ஒன்பது விரல்களும் கறுப்பு.

திரையில் மருமகன் துவக்கை மேசையில் கிடத்தியிருந்தான். வெறுமையாக இருக்கிறதா என்று ஐயா இரண்டு தரம் பார்க்கச் சொன்னார். பிறகு போல்ட்டைக் கழற்றச் சொன்னார்.

"இப்ப பெருவிரல் நகத்தைப் பின்வாயில வை. லைற் நகத்தில விழவேணும். முன்வாயால பார்."

பட்டாளத்தில் ஆயுதப் பரிசோதனை இப்படித்தான் நடந்திருக்கிறது. கண்ணாடி வேண்டாம், விளக்கு வேண்டாம். நகத்தில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் குழலுக்குள் ஏறி, இடப்புறமாக முறுக்கிப் போகும் ஐந்து வரிக்கால்களையும் காட்டும். மருமகனின் நகம் சரிவரவில்லை. வெள்ளைக் கடதாசித் துண்டு வைத்தான். போன் கமெரா வெளிச்சத்தைப் பிடிக்க ஐந்து நிமிடம் சென்றது. திரையில் தெரிந்த வெள்ளி வளையத்தில் எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. ஐயா என் கையைப் பிடித்துப் போனைச் சற்றே சரித்தார்.

"உப்புத் தின்னேல்லை. நல்லாக் கழுவியிருக்கிறாங்கள்."

எந்த உப்பு என்று கேட்டேன். அந்தக் காலத்துத் தோட்டாவின் அடிமூடியில் பொட்டாசியம் குளோரேட் கலந்த மருந்து இருக்கும். வெடித்தபின் அது உப்பாகக் குழலில் படியும். உப்பு ஈரத்தை இழுக்கும், ஈரம் இரும்பைத் தின்னும். எண்ணெய்க்கு உப்புக் கரையாது. கொதிநீர்தான் ஊற்ற வேண்டும். "எங்கட பட்டறையில ரெண்டு கேத்தில் எப்பவும் கொதிச்சபடி. ஒண்டு தேத்தண்ணிக்கு, ஒண்டு குழலுக்கு. கொழும்பு கடல்காத்துக்கு ஒரு நாள் பிந்தினாலே சிவந்திடும்."

எண்களுக்கு வந்தார்கள். உடல் இரும்பு, போல்ட், குழல், மூக்கு இரும்பு, குறிபார்க்கும் தகட்டின் அடிப்பக்கம்: எல்லாவற்றிலும் ஒரே எண். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஐயாவுக்கு இல்லை. பிடங்கு வந்து சேரும் கழுத்து இரும்பின் வலப்பக்கத்தைக் காட்டச் சொன்னார். கிரீடம், அதன் கீழே ஜீ.ஆர்.ஐ. என்ற அரசர் எழுத்து, இச்சாப்பூர், 1942. நான் இருந்த கதிரையிலிருந்து இரண்டு மைல்கூட இல்லாத துறைமுகத்தில், அந்த வருடம் ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு காலை ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. அதை நான் சொன்னேன். ஐயா கேட்டதாகத் தெரியவில்லை. குழலின் அடியைத் தேடிக்கொண்டிருந்தார்.

அங்கே சிறியதாக ஒரு முத்திரை. மருமகன் சுண்ணக்கட்டித் தூளைத் தேய்த்துத் துடைத்ததும் வெள்ளையாக எழும்பியது: அசோகச் சிங்கம். பக்கத்தில் 55.

"1942இல சிங்கம் எங்க இருந்து வந்தது?" என்றார் ஐயா.

உடல் அரசர் காலத்தது. குழல் குடியரசு காலத்தது. இடையில் தொழிற்சாலைக்குத் திரும்பிப் போய்ப் புதுக்குழல் பூட்டி, புது எண்ணும் அடிக்கப்பட்டிருக்கிறது. பழுதுபார்த்ததற்கான எஃப்.ஆர். என்ற எழுத்தும் அங்கேயே இருந்தது. எண்கள் பொருந்துவது உண்மைதான். பர்மாவில் சுட்ட குழல் இதுவல்ல என்பதும் உண்மை. "பர்மா எண்டு இரும்பில எங்கயும் எழுதேல்லை, மருமோன். கடதாசியிலதான் எழுதியிருக்கு."

போலிகளைப் பற்றி அப்போதுதான் பேசினார். கைபர் கணவாய்ப் பக்கத்து தர்ரா ஆதம் கேல் பட்டறைகளில் கையாலேயே ராவிச் செய்யும் துவக்குகளில் விக்டோரியா அரசியின் எழுத்தும் 1919 என்ற ஆண்டும் ஒன்றாக இருக்குமாம். அரசி 1901இலேயே செத்துப்போனவர். அந்தக் கொல்லர்களில் ஐயாவுக்குக் கோபம் இல்லை. அவர்களின் அரத்தை மெச்சினார்.

என் கோபம் இடையில் நிற்பவர்கள்மேல். போர் முடிந்தபின் அரசுகள் இவற்றைக் கட்டுக்கட்டாக மலிந்த விலைக்குத் தள்ளிவிட்டன. மான் வேட்டைக்காரர் வாங்கி முன்மரத்தை வெட்டி எறிந்தார்கள். முழுசாக மிஞ்சியவை குறைந்ததும் விலை ஏறியது. இப்போது வெட்டியதற்கு வேறு மரம் பூட்டி, மணற்கடதாசியால் பழைய முத்திரைகளைத் தேய்த்து, ஒரு போர்முனைக் கதையையும் ஒட்டி விற்கிறார்கள். இரும்புக்கு ஒரு விலை, கதைக்கு அதைவிடப் பெரிய விலை. ராவியவனுக்கும் கொதிநீர் ஊற்றியவனுக்கும் அதில் ஒரு சதமும் இல்லை. செத்தவர்களின் பெயரில் பொய் சொல்லிக் காசு பார்ப்பதை வியாபாரம் என்று என்னால் சொல்ல முடியாது. இது ஆளைக் கொல்லவென்று செய்த பொருள். அதன் சரித்திரத்தையாவது நேராகச் சொல்ல வேண்டாமா?

ஐயா 1963இல் பதினெட்டு வயதில் அரச ஆயுதப் பட்டறை ஒன்றில் பயிலுநராகச் சேர்ந்தவர். பதவி உயர்வுக்குச் சிங்களப் பரீட்சை. மூன்றாம் தரம் தேறினார். 1971 ஏப்ரல் கிளர்ச்சியின்போது கிறீஸ் பூசி அடுக்கியிருந்த .303களை இரவு பகலாகக் கழுவிக் கொடுத்தார். அவை யாரைச் சுட்டன என்று நினைத்து நெடுநாள் நித்திரை இல்லை என்றார். பிறகு அந்த வேலையை விட்டுத் தையல் மெஷினுக்கு வந்தார்.

1983 ஆடிக் கலவரம். தெருமுனையில் புகை. வீட்டில் அவரிடம் இருந்தவை இரண்டு: குழல் தேய்மானம் பார்க்கத் தானே கடைந்த ஐந்து உருக்குக் குச்சிகள், கையில் வந்த துவக்குகளின் எண்ணும் குறையும் எழுதிய கொப்பி. தமிழன் வீட்டில் துவக்கு எண் எழுதிய கொப்பி! மனைவி ஒன்றும் சொல்லவில்லை. கிணற்று மூடியைத் திறந்து பிடித்தாராம்.

"குச்சி போனாக் கடையலாம். கொப்பிதான், தம்பி."

திரையில் மருமகன், வாங்கலாமா மாமா என்று கேட்டான். பர்மாவுக்குக் காசு குடுக்காதே, இரும்புக்குக் குடு என்றார். விலை குறையாவிட்டால் விட்டுவிட்டு வா என்றும் சொன்னார். அவன் போனை வைக்கப் போக, "நில்லு, நில்லு" என்று தடுத்தார். உள்ளே போய் ஒரு சீ.ஆர். கொப்பியும் பேனையும் எடுத்து வந்தார். புதுக் கொப்பி. முதல் பக்கத்தைத் தட்டி நிமிர்த்தினார்.

"போல்ட் நம்பரை இன்னொருக்காக் காட்டு. கடைசி இலக்கம் மூண்டோ, எட்டோ?"