குதிரைக்குட்டிகளைக் கொண்டாடிய பத்தாயிரம் பேர்... பால்டிமோர் சொல்லும் கார்ட்டூன் கதை!

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனிலிருந்து ரயில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் பால்டிமோர் வந்துவிடும். பழைமையான துறைமுக நகரம். 'இன்னர் ஹார்பர்' கரையில் 1854-ம் ஆண்டு காலத்துப் போர்க்கப்பல், பிரமாண்டமான மீன் காட்சியகம், நண்டு உணவகங்கள் என்று பொழுது போவதே தெரியாது. அங்கிருந்து பிராட் தெருவில் சில நிமிடங்கள் நடந்தால் பால்டிமோர் கன்வென்ஷன் சென்டர். அதையும் தாண்டினால் கேம்டன் யார்ட்ஸ் பேஸ்பால் மைதானம்.

மேட்ச் நாள்களில் ஆரஞ்சு ஜெர்சியும் பறவைப் படம் போட்ட தொப்பியுமாக ஆண்கள் கூட்டம் கூட்டமாகப் போவார்கள். அது யாருக்கும் வேடிக்கையாகத் தெரியாது. ஆனால், 2013 முதல் 2019 வரை ஆண்டுதோறும் சில நாள்கள் அதே பகுதியில் வானவில் நிற வாலும் குதிரைக் காதும் மாட்டிக்கொண்டு இளைஞர்கள் வந்தபோது, அது செய்தியானது!

அந்தத் திருவிழாவின் பெயர் 'ப்ரோனிகான்'.

யார் இந்த ப்ரோனிகள்?

'மை லிட்டில் போனி' என்பது சிறுமிகளுக்காக 1980-களில் வந்த குதிரைக்குட்டி பொம்மை. அதை வைத்து 2010 அக்டோபரில் 'ஃப்ரெண்ட்ஷிப் இஸ் மேஜிக்' என்ற புதிய கார்ட்டூன் தொடர் ஆரம்பமானது. உருவாக்கியவர் லாரன் ஃபாஸ்ட். பெண் குழந்தைகளுக்கான கார்ட்டூன் என்றால் வெறும் பிங்க் நிறமும் கொஞ்சலுமாகத்தான் இருக்க வேண்டுமா என்ற ஆதங்கம் அவருக்கு இருந்தது.

அதனால், ஆறு தோழிகளையும் ஆறு விதமாகப் படைத்தார். ஒருத்தி புத்தகப் புழு, ஒருத்தி வேகப் புயல், ஒருத்தி தோட்டத்தில் உழைப்பவள், ஒருத்தி துணி தைத்து விற்பவள், ஒருத்தி கூச்ச சுபாவி, ஒருத்தி கலகலப்பானவள். சண்டை போடுவார்கள், தவறு செய்வார்கள், மன்னிப்புக் கேட்பார்கள்.

கேலி செய்வதற்காக எட்டிப்பார்த்த பெரியவர்களில் பலர், அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். 'ப்ரோ', 'போனி' இரண்டும் சேர்ந்து 'ப்ரோனி' பிறந்தது. பெண் ரசிகைகளும் கணிசமாக உண்டு.

2011-ல் நியூயார்க்கில் சுமார் நூறு பேருடன் தொடங்கிய ப்ரோனிகான், பால்டிமோருக்கு வந்த பிறகு 2015-ல் பத்தாயிரம் பேரைத் தாண்டியது. கையால் தைத்த பொம்மைகள், ஓவியங்கள், கச்சேரிகள், குரல் கலைஞர்களுடன் சந்திப்பு என அரங்கம் களைகட்டும்.

ரசிகர்கள் மாற்றிய கதை

முதல் எபிசோடில், கண் பிசகிய ஒரு குதிரை கூட்டத்தோடு கூட்டமாக நின்றது. ரசிகர்கள் அதற்கு 'டெர்பி' என்று பெயர் வைத்துக் கொண்டாடினார்கள். 2015-ல் வந்த நூறாவது எபிசோடில், இதுபோன்ற ஓரத்துக் கதாபாத்திரங்களே நாயகர்கள் ஆனார்கள்! அனிமேஷன் படிக்கும் மாணவர்களுக்கு ரசிகர்கள் நிதி திரட்டி உதவித்தொகையும் ஏற்படுத்தினார்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. இதே கதாபாத்திரங்களை வைத்துச் சில பெரியவர்கள் வரைந்த, குழந்தைகள் பார்க்கக் கூடாத படங்களும் இணையத்தில் பரவின. மகளுக்காகத் தேடும் பெற்றோர் கவனமாக இருக்க வேண்டிய நிலை வந்தது.

யாருடைய கார்ட்டூன்?

2019 ஆகஸ்டில் நிறைவு விழா என்று அறிவித்து நடத்தப்பட்ட ப்ரோனிகானுக்கும் பத்தாயிரம் பேருக்கு மேல் வந்தார்கள். அதே அக்டோபரில் தொடரும் முடிவடைந்தது.

'சின்னப் பெண்கள் பார்ப்பதுதானே' என்று ஒதுக்கப்பட்ட ஒரு தொடர், வளர்ந்த ஆண்கள் ரசித்த பிறகுதான் 'அட, இதில் என்னவோ இருக்கிறதே' என்று பேசப்பட்டது. பையன்களும் கூச்சமில்லாமல் ரசிக்கலாம் என்ற கதவு திறந்தது நல்ல விஷயம்தான். ஆனால், அதில் ஒரு நெருடலும் இருக்கிறது. அந்தக் கதை நல்ல கதை என்பதை முதல் நாளே கண்டுபிடித்தவர்கள், டிவி முன்னால் உட்கார்ந்திருந்த ஐந்து வயது, ஆறு வயதுச் சிறுமிகள். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

அடுத்த முறை உங்கள் வீட்டுச் சுட்டிப்பெண் ஏதாவது கார்ட்டூனில் மூழ்கியிருந்தால், ரிமோட்டைப் பிடுங்குவதற்கு முன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு எபிசோடு பாருங்களேன். 'இதில் உனக்கு யாரைப் பிடிக்கும்?' என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்ல அவளிடம் நிறைய இருக்கும்!